ஒரே ஏஎம்எல், பக்கத்து பக்கத்து பெட், ட்ரீட்மென்ட் மட்டும் ஏன் வேற வேற?

கேள்வி கேட்ட தங்கச்சி எழுதினது நீளம், மத்தவங்களுக்கும் புரியணும்னு அதோட சாரத்த மட்டும் முதல்ல சொல்லிடுறேன். அவங்க அண்ணனுக்கு 36 வயசு, ஏஎம்எல்னு (வேகமா வளர்ற ஒரு வகை ரத்தப் புற்றுநோய்) கண்டுபிடிச்சு மூணாவது வாரம் ஓடிட்டு இருக்கு. பக்கத்து பெட்ல கிட்டத்தட்ட அதே வயசுல இன்னொருத்தர், அவருக்கும் ஏஎம்எல் தான், ஆனா அவருக்கு கீமோ மட்டும் போதும்னுட்டாங்க, இவங்க அண்ணனுக்கு கீமோவோட ஒரு மாத்திரை, அப்புறம் அனேகமா போன் மேரோ (எலும்பு மஜ்ஜை) ட்ரான்ஸ்பிளான்ட் வேண்டி வரும்னு சொல்றாங்க. ரிப்போர்ட்ல எஃப்எல்டி3-ஐடிடி, என்பிஎம்1னு ரெண்டு ஜீன் மாற்றம் பாசிட்டிவ், குரோமோசோம் நார்மல், இன்டர்மீடியட் ரிஸ்க்னு போட்டிருக்கு. குரோமோசோம் நார்மல்னு போட்டுட்டு எதுக்கு ட்ரான்ஸ்பிளான்ட், காசு பாக்கறதுக்கா, ஜீன்னு சொல்றாங்களே அப்ப எங்க வீட்டு பிள்ளைங்களுக்கும் வருமா, ரிப்போர்ட் லேட்டா வந்ததால டைம் போயிடுச்சா, நான் டோனரா பொருந்துவேனான்னு பாக்கற ஹெச்எல்ஏ டெஸ்ட்ட இப்பவே எடுக்கணுமா. இவ்ளோதான் கேள்வி.

நான் டாக்டர் இல்ல, ஹெமடாலஜி லேப்ல மாலிக்யுலர் செக்‌ஷன்ல வேலை. இந்த மாதிரி ரிப்போர்ட்ட தினமும் அடிச்சு அனுப்புற ஆளு, அதனால ரிப்போர்ட் பக்கத்துல இருந்து சொல்றேன், அண்ணனுக்கு என்ன பண்ணணும்ங்கறத அவர பாக்குற டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

காசு பாக்கறதுக்கான்னு கேட்டதுக்கு முதல்ல பதில் சொல்லிடுறேன், ஏன்னா அந்த சந்தேகம் மனசுல இருந்தா மத்தது எதுவும் உள்ள போகாது. நீங்க சொன்ன ரிப்போர்ட்ட உலகத்துல எந்த நல்ல ஹெமடாலஜிஸ்ட் கையில குடுத்தாலும் ட்ரான்ஸ்பிளான்ட் பத்தி பேச்சு வரும். பக்கத்து பெட்காரருக்கு கீமோ மட்டும் போதும்னு சொன்னதும் அதே கணக்குல இருந்து வந்ததுதான். ஆஸ்பத்திரிக்கு காசுதான் குறின்னா அவருக்கும் சேத்து சொல்லிருப்பாங்களே.

அந்த கணக்கு என்னன்னா, ஏஎம்எல்ங்கறது ஒரே நோய் கிடையாது, மேரோவுல இருக்கற இளம் செல் ஒண்ணு வளராம அப்படியே நின்னு பெருகுறதுக்கு ஒட்டுமொத்தமா வெச்ச பேரு. அந்த செல்லு ஏன் கெட்டுப்போச்சுங்கறது ஆளுக்கு ஆள் மாறும். மைக்ராஸ்கோப்ல பாத்தா ரெண்டு பேரோட ப்ளாஸ்ட் செல்லும், அதாவது அந்த வளராத நோய் செல்லும், ஒரே மாதிரிதான் தெரியும், ஜீனுக்குள்ள போய் பாத்தாதான் ரெண்டும் வேற வேற ஜாதின்னு தெரியும். அதுல சிலது கீமோவுக்கு நல்லா மடங்கும், போனா திரும்பி வர்றது குறைவு. சிலது முதல் கீமோவுல காணாம போன மாதிரி போய்ட்டு ஆறு மாசத்துல திரும்பி வந்து நிக்கும். இன்னும் சிலது முதல் கீமோவுக்கே அசையாது. யூரோப்பியன் லுகேமியாநெட்னு ஒரு அமைப்பு இத நல்ல ரிஸ்க், நடுத்தரம், மோசம்னு மூணா பிரிச்சு வெச்சிருக்கு, 2010ல ஒண்ணு, 2017ல ஒண்ணு, கடைசியா 2022ல ஒண்ணுன்னு திருத்தி திருத்தி விட்டிருக்காங்க. இங்க நம்ம ஊர் டாக்டர்ஸும் அததான் பாக்குறாங்க.

பக்கத்து பெட்காரருக்கு அனேகமா 8-வது குரோமோசோமும் 21-வது குரோமோசோமும் துண்டு மாத்திக்கிட்ட வகையா இருக்கும், இல்லன்னா 16-வது குரோமோசோம் தலைகீழா திரும்பின வகை. நீங்க சொல்லல, நான் ஊகிக்கிறேன். இந்த ரெண்டும் சைட்டரபின் மருந்த அதிக டோஸ்ல குடுத்தா நல்லா கேக்கும், இளம் வயசுக்காரங்கள்ல பாதிக்கு மேல கீமோவுலயே நோய் திரும்ப வராம இருந்துடுறாங்க. அப்படிப்பட்டவர ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு கொண்டு போனா நோயில இருந்து வர்ற ஆபத்த விட ட்ரான்ஸ்பிளான்ட்ல இருந்து வர்ற ஆபத்து பெருசாயிடும். ட்ரான்ஸ்பிளான்ட் ஒண்ணும் சும்மா ரத்தம் ஏத்துற மாதிரி இல்ல, இன்ஃபெக்‌ஷன், அடுத்தவரோட செல்லு நம்ம உடம்பையே தாக்குற ஜிவிஹெச்டி, லிவர் பிரச்சனை இதெல்லாம் சேந்து, நோய் இல்லாமலே ட்ரான்ஸ்பிளான்ட்டாலயே இறந்து போறவங்க நூத்துல பத்துல இருந்து இருபது வரைக்கும்னு பொதுவா சொல்வாங்க. அதனால பெரியவங்க ஒரு கோடு போட்டு வெச்சிருக்காங்க, ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணாம விட்டா நோய் திரும்ப வர்ற வாய்ப்பு 35-40 சதவீதத்துக்கு மேல இருந்தாதான் முதல் ரெமிஷன்லயே, அதாவது கீமோவுல நோய் முதல் தடவ அடங்கினதுமே, ட்ரான்ஸ்பிளான்ட்னு. எல்லா ஜீன் டெஸ்ட்டும் சுத்தி சுத்தி இந்த ஒரு கோட்டுக்கு எந்தப் பக்கம் ஆளு நிக்கிறாருன்னு கண்டுபிடிக்கத்தான். ஜீன் ரிஸ்க்னா ஆள் பொழைப்பாரா மாட்டாராங்கற ஜோசியம்னு வீட்டுக்காரங்க எடுத்துக்கறாங்க, எவ்ளோ ட்ரீட்மென்ட் குடுக்கணும், எங்க நிறுத்தணும்னு பாக்கறதுக்குத்தான் அது.

இப்ப அண்ணன் ரிப்போர்ட்டுக்கு வருவோம். குரோமோசோம் நார்மல்னா என்னன்னு சொல்றேன். மேரோவ ஊசில எடுத்து பச்சை மூடி ட்யூப்ல ஹெப்பாரின் போட்டு அனுப்புவாங்க, அந்த செல்ல வளத்து, பிரியுற நேரத்துல நிறுத்தி, குரோமோசோம நிறம் ஏத்தி மைக்ராஸ்கோப்ல பாப்பாங்க. வழக்கமா 20 செல்லுல எண்ணி 46 குரோமோசோமும் வரிசையா சரியா இருக்கான்னு பாக்கறது. இதுல தெரியறதெல்லாம் பெரிய உடைசல் மட்டும்தான், ஒரு பாதி குரோமோசோம் காணாம போறது, ரெண்டு துண்டு இடம் மாறுறது மாதிரி. சின்ன எழுத்துப் பிழை மாதிரி மாற்றம் இதுல சுத்தமா தெரியாது. அந்த எழுத்துப் பிழைய பாக்கத்தான் ஊதா மூடி ட்யூப்ல இருக்கற இன்னொரு சாம்பிள், அது எங்க செக்‌ஷனுக்கு வரும். ஏஎம்எல்ல கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு குரோமோசோம் நார்மலாதான் இருக்கும், அதனால நார்மல்னு பாத்து சந்தோஷப்படவும் வேணாம், பொய் சொல்றாங்கன்னு சந்தேகப்படவும் வேணாம், குரோமோசோம் நார்மல்ங்கறதும் ஜீன் மாறியிருக்குங்கறதும் ஒரே ஆளுக்கு ஒரே நேரத்துல உண்மையா இருக்கும்.

எஃப்எல்டி3ங்கறது செல்லோட மேல்தோல்ல இருக்கற ஒரு ரிசெப்டர். வெளியில இருந்து ஒரு சிக்னல் வந்து தொட்டாதான் உள்ள "பெருகு"ன்னு ஆர்டர் போகும். ஐடிடின்னா அந்த ஜீன்ல ஒரு துண்டு அப்படியே ரெண்டு தடவ எழுதப்பட்டுடுச்சு, அதனால யாரும் தொடாமலே அது ஆன்ல இருக்கும், அமுக்கின காலிங் பெல் ஸ்விட்ச் உள்ளயே சிக்கிக்கிட்டு விடாம அடிக்கிற மாதிரி. எங்க மெஷின்ல இத பாக்கறது ரொம்ப நேரடியா இருக்கும். அந்த ஜீன் துண்ட பிசிஆர்ல பெருக்கி கேப்பிலரில ஓட விட்டா 330 பேஸ் பக்கத்துல ஒரு கூரான பீக் வரும், அது நார்மல் ஜீன். ஐடிடி இருந்தா அதுக்கு வலது பக்கம் தள்ளி இன்னொரு பீக், கூடுதலா எழுதப்பட்ட நீளத்துக்கு ஏத்த மாதிரி 30 தள்ளியோ 60 தள்ளியோ நிக்கும். சில பேருக்கு ரெண்டாவது பீக் குட்டியா இருக்கும், சில பேருக்கு முதல் பீக்க விட உயரமா நிக்கும். முன்னாடி இந்த ரெண்டு உயரத்தோட விகிதத்த வெச்சு 0.5க்கு கீழன்னா நல்லது, மேலன்னா கெட்டதுன்னு 2017 கணக்குல பிரிச்சாங்க. 2022ல அத தூக்கிட்டாங்க. லேபுக்கு லேப் அந்த நம்பர் மாறுது, மாத்திரை வந்த பிறகு அதோட அர்த்தமும் மாறிடுச்சு, அதனால எஃப்எல்டி3-ஐடிடி இருந்தா என்பிஎம்1 கூட இருந்தாலும் இல்லாட்டியும் நேரா இன்டர்மீடியட்னு போட்டுட்டாங்க. உங்க அண்ணனோட அதே ரிப்போர்ட் 2018ல வந்திருந்தா, அந்த விகிதம் கம்மியா இருந்திருந்தா, "நல்ல ரிஸ்க்"னு போட்டிருப்பாங்க. ஆளும் அதே நோயும் அதே, வகுப்பு மட்டும் மாறுது. அந்த இன்டர்மீடியட்ங்கற வார்த்தைய பாத்து ராத்திரி தூங்காம இருக்கறவங்களுக்கு இத நான் அடிக்கடி சொல்றது.

அந்த மாத்திரை அனேகமா மிடோஸ்டாரினா இருக்கும். ரேட்டிஃபைனு ஒரு ட்ரையல், எஃப்எல்டி3 மாறின 717 பேரு, 18ல இருந்து 59 வயசு வரைக்கும், பாதிப் பேருக்கு கீமோவோட இந்த மாத்திரை, பாதிப் பேருக்கு கீமோவோட மருந்தில்லாத வெறும் மாத்திரை. நாலு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தவங்க மிடோஸ்டாரின் பக்கம் 51 சதவீதம், வெறும் மாத்திரை பக்கம் 44 சதவீதம். ஏழு பர்சன்ட்தானான்னு கேப்பீங்க. ஏஎம்எல்ல 1970கள்ல இருந்து ஏழு நாள் சைட்டரபின், மூணு நாள் டௌனோரூபிசின்ங்கற அதே 7+3 தான் ஓடிட்டு இருந்துச்சு, அதுக்கு மேல எத சேத்தும் உயிர் காக்கறதுல முன்னேற்றம் காட்டினது ரொம்ப கொஞ்சம், அந்த இடத்துல இருந்து பாத்தா இது பெரிய விஷயம். 2017ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது. அப்புறம் 2023ல குயிசார்டினிப்னு இன்னொண்ணு, அது ஐடிடி வகைக்கு மட்டும். நோய் திரும்ப வந்தவங்களுக்கு கில்டெரிட்டினிப்.

லேட்டா வந்துச்சேன்னு கேட்டீங்கள்ல, இங்கதான் பதில் இருக்கு. மிடோஸ்டாரின் முதல் நாள்லயே ஆரம்பிக்கறது இல்ல, கீமோவ ஒண்ணாம் நாள் தொடங்கி எட்டாம் நாள்ல இருந்து 21ம் நாள் வரைக்கும் மாத்திரை. எஃப்எல்டி3 பிசிஆர் ரெண்டு மூணு நாள்ல குடுத்துடலாம், அதனால கீமோ ஓட ஓட ரிப்போர்ட் வந்துடும், எட்டாம் நாளுக்குள்ள தெரிஞ்சா போதும். குரோமோசோம் ஒரு வாரம் பத்து நாள், நிறைய ஜீன ஒண்ணா பாக்கற பெரிய ஜீன் பேனல் ரெண்டு மூணு வாரம் கூட ஆகும், அது ட்ரான்ஸ்பிளான்ட் முடிவுக்குத்தான் தேவைப்படும், அதுக்குள்ள வந்துடும். உங்களுக்கு எது லேட்டாச்சுன்னு நீங்க எழுதல, மூணு வாரம் ஆனது அந்தப் பெரிய பேனல்னா ஒண்ணும் போயிடல. எஃப்எல்டி3யே மூணு வாரம் ஆகியிருந்தா அது சரியில்ல, இருந்தாலும் ரெண்டாவது சைக்கிள்ல (கீமோ சுற்று) இருந்து மாத்திரைய சேக்கறது நடக்கற விஷயம்தான். வயசானவங்கள்ல ரிப்போர்ட்டுக்காக கொஞ்சம் காத்திருந்து அப்புறம் மருந்து முடிவு பண்ணலாமான்னு அமெரிக்காவுல பீட் ஏஎம்எல்னு ஒரு ஆய்வு பண்ணாங்க, 60 வயசுக்கு மேல உள்ள 395 பேர்ல 95 சதவீதம் பேருக்கு ஏழே நாள்ல ஜீன் ரிப்போர்ட் குடுத்து அதுக்கேத்த ட்ரீட்மென்ட்டுக்கு அனுப்ப முடிஞ்சுது. நம்ம ஊர்ல அந்த வேகம் எல்லா இடத்துலயும் இல்ல. ஆனா சாம்பிள்ல ஒரு விஷயத்துல மட்டும் யாரும் விட்டுக்குடுக்க கூடாது, கீமோ முதல் சொட்டு ஏறுறதுக்கு முன்னாடி மேரோ எடுத்து ரெண்டு ட்யூப்லயும் போயிருக்கணும். கீமோ ஏறி ப்ளாஸ்ட் செத்த பிறகு அனுப்பினா எங்களுக்கு பாக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது, "மாற்றம் காணப்படவில்லை"ன்னு ரிப்போர்ட் வரும், அத படிச்சு நல்ல ரிஸ்க்னு நெனச்சுக்குவாங்க. அது ரொம்ப ஆபத்தான நார்மல். அவசரத்துல சின்ன ஊர்ல முதல் கீமோ குடுத்துட்டு அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புற கேஸ்ல இது நிறைய நடக்குது.

மிடோஸ்டாரின் விலைய கேட்டு தலை சுத்திருக்கும், எழுதியும் இருக்கீங்க. நம்ம ஊர்ல நிறைய இடத்துல அதுக்கு பதிலா சோராஃபெனிப் குடுக்கறாங்க, அது கிட்னி, லிவர் கேன்சருக்கு வந்த மருந்து, எஃப்எல்டி3யையும் அடக்கும். இதுக்கு ஒரு கதை உண்டு. 2012 மார்ச்ல இந்திய அரசு முதன்முதலா ஒரு மருந்துக்கு கட்டாய உரிமம் குடுத்துச்சு, அது இந்த சோராஃபெனிப்புக்குத்தான். பேயர் கம்பெனி மாசத்துக்கு சுமார் 2 லட்சத்து 80 ஆயிரத்துக்கு வித்தத ஹைதராபாத் நாட்கோ 8,800 ரூபாய்க்கு குடுக்க அனுமதி வாங்கிச்சு. அன்னைக்கு லுகேமியாவ மனசுல வெச்சு யாரும் சண்டை போடல, ஆனா இன்னைக்கு எஃப்எல்டி3 உள்ள எத்தனையோ பேருக்கு கைக்கு எட்டுற மருந்தா இருக்கறதுக்கு அது ஒரு காரணம். ஆதாரம்னு பாத்தா, ஜெர்மனில 267 பேர வெச்சு பண்ண சோராஎம்எல் ட்ரையல்ல நோய் திரும்பாம இருந்த காலம் 9 மாசத்துல இருந்து 21 மாசமாச்சு, ஆனா அவங்க எஃப்எல்டி3 உள்ளவங்கள மட்டும் எடுக்கல, மொத்த ஆயுசு கூடினதாவும் தெளிவா காட்டல. ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு அப்புறம் எஃப்எல்டி3-ஐடிடி உள்ளவங்களுக்கு இத குடுத்து பாத்த சோர்மெயின்ல 83 பேருதான், ரெண்டு வருஷத்துல நோய் வராம இருந்தவங்க 85 சதவீதம், குடுக்காதவங்க 53. சின்ன ட்ரையல், ஆனா வித்தியாசம் பெருசு. உங்க டாக்டர் சோராஃபெனிப் எழுதினா மட்டமான மருந்த தள்ளி விடறாங்கன்னு நெனைக்காதீங்க.

இப்ப ட்ரான்ஸ்பிளான்ட் "அனேகமா"ன்னு ஏன் சொன்னாங்க, உறுதியா ஏன் சொல்லலன்னு பாப்போம். இதுல உங்களுக்கு நல்ல சேதி இருக்கு. அண்ணனுக்கு என்பிஎம்1 மாறி இருக்கு. இந்த மாற்றம் நோயோட கைரேகை மாதிரி, நல்ல செல்லுல இருக்கவே இருக்காது, அதனால ரெண்டு சைக்கிள் கீமோவுக்கு அப்புறம் ரத்தத்துல இத தேடிப் பாத்தா லட்சம் செல்லுல ஒண்ணு ரெண்டு மிச்சம் இருந்தாலும் பிடிச்சுடலாம். இதுக்குப் பேருதான் எம்ஆர்டி. மைக்ராஸ்கோப்ல ரெமிஷன்னு தெரியறது ஒரு அளவு, இது அதுக்கு அடியில போய் பாக்கறது. பிரிட்டன்ல 2016ல வந்த ஆய்வுல, ரெண்டாவது சைக்கிளுக்கு அப்புறமும் ரத்தத்துல என்பிஎம்1 தெரிஞ்சவங்கள்ல 82 சதவீதம் பேருக்கு மூணு வருஷத்துக்குள்ள நோய் திரும்பிச்சு, தெரியாதவங்கள்ல 30 சதவீதம். ஆரம்பத்துல எடுத்த ஜீன் லிஸ்ட்ட விட இந்த ஒரு டெஸ்ட் நெறய சொல்லிடுச்சு. அப்புறம் அதே குரூப் 2024ல இன்னும் ஒரு படி போனாங்க. எம்ஆர்டி மிச்சம் இருந்தவங்கள்ல முதல் ரெமிஷன்ல ட்ரான்ஸ்பிளான்ட் பண்ணவங்க மூணு வருஷத்துல 61 சதவீதம் உயிரோட, பண்ணாதவங்க 24. எம்ஆர்டி சுத்தமா போனவங்கள்ல பண்ணவங்க 79, பண்ணாதவங்க 82, அதாவது வித்தியாசமே இல்ல. எஃப்எல்டி3-ஐடிடி கூட இருந்தவங்கள்லயும், எம்ஆர்டி போயிருந்தா தெளிவான லாபம் தெரியல. ஆனா இது சீட்டு குலுக்கி ரெண்டு பக்கமா பிரிச்ச ஆய்வு கிடையாது, யாருக்கு பண்ணணும்னு டாக்டரே முடிவு பண்ணத பின்னாடி கணக்கு பாத்தது, அதனால எல்லா டாக்டரும் இத அப்படியே ஏத்துக்க மாட்டாங்க, சில பேரு எஃப்எல்டி3 இருந்தாலே ட்ரான்ஸ்பிளான்ட்டுன்னு நிப்பாங்க. என் சொந்த அபிப்பிராயம், 36 வயசுல என்பிஎம்1 இருக்கற ஒருத்தருக்கு ரெண்டாவது சைக்கிள் முடிஞ்சதும் ரத்தத்துல எம்ஆர்டி பாக்காம ட்ரான்ஸ்பிளான்ட் முடிவ ரெண்டு பக்கமும் எடுக்க கூடாது. டாக்டர்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி "ட்ரான்ஸ்பிளான்ட் வேணுமா"ங்கறது இல்ல, "என்பிஎம்1 எம்ஆர்டி எப்ப அனுப்பப் போறீங்க, எந்த முறையில பாக்கப் போறாங்க"ங்கறது. குவான்டிடேடிவ் பிசிஆர்ல பாக்கறாங்களான்னு கேளுங்க, ஃப்ளோ சைட்டோமெட்ரி மட்டும் போதாது என்பிஎம்1க்கு.

ஆள் பாத்து மருந்து குடுக்கறதுன்னா எப்பவும் அதிகமா குடுக்கறதுன்னு நெனைக்காதீங்க, குறைக்கறதும் அதுல ஒரு பாதி. அதுக்கு நம்ம வேலூர விட நல்ல உதாரணம் எனக்கு தெரியல. ஏஎம்எல்லயே ஏபிஎல்னு ஒரு வகை, 15ம் 17ம் குரோமோசோம் துண்டு மாத்தி பிஎம்எல்-ராராங்கற கூட்டு ஜீன் உண்டாகும். முன்னாடி ரத்தக்கசிவுல நாள் கணக்குல ஆள் போயிடுவாங்க, ஏஎம்எல்லயே பயங்கரமானது இதுதான். சிஎம்சி வேலூர்ல மேமன் சாண்டி, விக்ரம் மேத்யூஸ் குரூப் 1998ல இருந்து 2004 வரைக்கும் புதுசா வந்த 72 பேருக்கு வெறும் ஆர்சனிக் ட்ரைஆக்சைட முக்கிய மருந்தா வெச்சு குடுத்தாங்க, ஆட்ரான்னு ஒரு வைட்டமின் ஏ சம்பந்தப்பட்ட விலை கூடின மாத்திரையும் அதோட கீமோவும் வாங்க முடியாத குடும்பங்க நிறைய இருந்த காலம் அது. 86 சதவீதம் பேருக்கு ரெமிஷன், மூணு வருஷத்துல 86 சதவீதம் பேர் உயிரோட. முடி கொட்டாம, பெருசா இன்ஃபெக்‌ஷன் வராம, நிறைய நாள் வீட்ல இருந்தே. அப்புறம் 2013ல இத்தாலி ஜெர்மனி ட்ரையல்ல ஆட்ராவும் ஆர்சனிக்கும் சேத்து கீமோவே இல்லாம குடுத்து ரெண்டு வருஷத்துல 97 சதவீதம் பேரு எந்த தொந்தரவும் இல்லாம இருந்தாங்க, கீமோ பக்கம் 86. இந்த ஒரு வகைய மட்டும் ரிப்போர்ட் வர்ற வரைக்கும் காத்திருக்கவே மாட்டாங்க, மைக்ராஸ்கோப்ல பாத்து சந்தேகம் வந்தாலே ஆட்ராவ ஆரம்பிச்சுடுவாங்க, ரிப்போர்ட் பின்னாடி வரட்டும்னு. விஷம்னு நாம சொல்ற ஆர்சனிக்கு, சரியான ஜீன் உள்ள ஆளுக்கு போய் சேந்தா கீமோவயே தேவையில்லாம பண்ணிடுது, மத்த ஏஎம்எல்காரங்களுக்கு குடுத்தா பலன் இருக்காது.

இதே பாடத்த ஜெம்டுஜுமாப்னு ஒரு ஏஎம்எல் மருந்து தலைகீழா படிச்சுது. 2000ல அனுமதி, 2010ல மார்க்கெட்ட விட்டே எடுத்துட்டாங்க, ஏன்னா ஒரு பெரிய ட்ரையல்ல லாபம் தெரியல, மருந்தால ஆரம்பத்துலயே இறந்தவங்க கொஞ்சம் கூட இருந்தாங்க. அப்புறம் டோஸ குறைச்சு பண்ண ட்ரையல்களையும் சேத்து 3,325 பேரோட கணக்க குரோமோசோம் வாரியா பிரிச்சு பாத்தாங்க. 8-21, 16 மாதிரி நல்ல ரிஸ்க் குரூப்ல ஆறு வருஷத்துல உயிரோட இருக்கறவங்க 20 சதவீதத்துக்கு மேல கூடியிருந்தாங்க, நடுத்தரத்துல ஆறு சதவீதம் பக்கம், மோசமான குரூப்ல சுத்தமா ஒண்ணும் இல்ல. எல்லாரையும் ஒரே சட்டியில போட்டு சராசரி பாத்ததுல அந்த 20 சதவீதம் காணாமயே போயிருந்துச்சு. 2017ல திரும்ப அனுமதி குடுத்தாங்க.

மோசமான ரிஸ்க்ல டிபி53ங்கற ஜீன் மாறினவங்களப் பத்தி ரெண்டு வரி, ஏன்னா இத படிக்கறவங்கள்ல அந்த ரிப்போர்ட் வெச்சிருக்கறவங்களும் இருப்பாங்க. அதுல கடுமையான கீமோ பெருசா உதவறது இல்ல, ஒரு வருஷம் தாண்டுறதே கஷ்டம், ட்ரான்ஸ்பிளான்ட் வரைக்கும் போக முடிஞ்ச சில பேருக்கு மட்டும் நீண்ட வாய்ப்பு. அப்ப வயசான அப்பாவ ஒரு மாசம் ஐசோலேஷன் ரூம்ல வெச்சு 7+3 குடுக்கறதா, அத விட லேசான அசாசிட்டிடின், வெனிட்டோக்ளாக்ஸ்ங்கற மருந்துகள குடுத்து முடிஞ்ச வரைக்கும் வீட்ல வெச்சிருக்கறதாங்கறத நேர்மையா பேசணும். இன்னொண்ணு, 2022 லிஸ்ட் கடுமையான கீமோ வாங்குறவங்கள வெச்சு உண்டாக்கினது, வெனிட்டோக்ளாக்ஸ் வாங்குறவங்களுக்கு அது சரியா பொருந்தல, அதனால 2024ல அவங்களுக்குன்னு தனி லிஸ்ட் போட்டாங்க. உதாரணத்துக்கு ஐடிஹெச்2ங்கற ஜீன் மாறினவங்களுக்கு அதுல நல்ல இடம். அதனால இன்டர்நெட்ல ரிஸ்க் டேபிள் எடுத்து தாத்தா ரிப்போர்ட்டோட ஒப்பிட்டு பாக்கறவங்க எந்த லிஸ்ட்னு பாத்துட்டு பாருங்க.

அடுத்து பிள்ளைங்களுக்கு வருமாங்கறது. இத நீங்க ஒரு வரில கேட்டிருக்கீங்க, ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கற பயம் எனக்கு தெரியும், ஜீன்ல கோளாறுன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு வீட்ல சம்பந்தம் பேச யோசிப்பாங்கன்னு ரிப்போர்ட்டயே ஒளிச்சு வெக்கிற குடும்பங்க உண்டு. எஃப்எல்டி3, என்பிஎம்1 மாற்றம் ரெண்டும் அண்ணன் பொறக்கும்போது இல்ல. அவரோட மேரோவுல ஒரு செல்லுல நடுவுல வந்தது, அந்த செல்லோட வாரிசுங்கள்ல மட்டும் இருக்கு. அப்பா அம்மா குடுக்கல, அவர் பிள்ளைங்களுக்கும் போகாது, உங்களுக்கும் சம்பந்தம் இல்ல. அதனால ஒளிக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கொஞ்சம் பேருக்கு மட்டும் டிடிஎக்ஸ்41, ரன்எக்ஸ்1, சிஇபிபிஏ மாதிரி ஜீன்கள்ல பொறப்புலயே மாற்றம் இருக்கும், பேனல் ரிப்போர்ட்ல இந்த ஜீனோட மாற்றம் 50 சதவீதம் பக்கத்துல வந்தா டாக்டர் தோல்ல சின்ன துண்டு எடுத்து சோதிக்கச் சொல்வாரு, ரத்தத்துலயும் எச்சில்லயும் நோய் செல் கலந்திருக்கறதால அத வெச்சு சொல்ல முடியாது. அப்படி இருந்தா கூடப்பொறந்தவங்க டோனரா வர்றதுக்கு முன்னாடி அவங்களையும் அந்த ஜீனுக்கு பாத்தே ஆகணும், இல்லன்னா அதே கோளாறு உள்ள மேரோவ திரும்ப உள்ள ஏத்தின கதையாயிடும். நீங்க எழுதின ரிப்போர்ட்ல இந்த பேரெல்லாம் இல்ல.

கடைசியா உங்க ஹெச்எல்ஏ டெஸ்ட். இப்பவே எடுங்க. எம்ஆர்டி நல்லா வந்து ட்ரான்ஸ்பிளான்ட் வேணாம்னு முடிவானாலும் நஷ்டமில்ல, வேணும்னு முடிவானா டோனர் தேடவே ஒன்றரை ரெண்டு மாசம் போயிடும், அதுக்குள்ள நோய் திரும்பினா எல்லா கணக்கும் மாறும். கூடப்பொறந்த ஒவ்வொருத்தரும் முழுசா பொருந்த நாலுல ஒரு வாய்ப்பு. நீங்க பொருந்தலன்னா அம்மா, அப்பா, பிள்ளைங்க பாதி பொருத்தம் இருப்பாங்க, ஹேப்லோன்னு சொல்றது, அது இப்ப நல்லாவே நடக்குது. வெளி டோனருக்கு சென்னையில 2009ல ஆரம்பிச்ச தாத்ரி ரெஜிஸ்ட்ரி இருக்கு, டாக்டர் மூலமா தேடச் சொல்லலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல எவ்ளோ கிடைக்கும்னு ஆஸ்பத்திரி மெடிக்கல் சோஷியல் வொர்க்கர இந்த வாரமே பாத்துடுங்க, ட்ரான்ஸ்பிளான்ட் முடிவான அப்புறம் ஓடினா பேப்பர் வேலைக்கே நாள் போயிடும்.

அப்புறம் ஊர்ல இருந்து மாமா சித்தப்பா எல்லாம் ரத்தம் குடுக்க வண்டி ஏறி வர்றாங்கன்னு எழுதிருந்தீங்க. வரட்டும், ஆனா அவங்க ரத்தம் அண்ணனுக்கு ஏறக் கூடாது. ட்ரான்ஸ்பிளான்ட்டுக்கு வாய்ப்பு இருக்கற ஆளுக்கு சொந்தக்காரங்க ரத்தம் ஏறினா அந்த பேஷன்ட்டோட உடம்பு அந்த குடும்ப அடையாளத்துக்கு எதிரா முன்கூட்டியே தயாராயிடும், பின்னாடி நீங்களே டோனரா வந்தாலும் செல்லு ஒட்டாம போக வாய்ப்பு கூடும். ப்ளட் பேங்க்ல "ரீப்ளேஸ்மென்ட்டுக்கு, இந்த பேஷன்ட்டுக்கு ஏத்தக்கூடாது"ன்னு சொல்லி குடுக்கச் சொல்லுங்க, அண்ணனுக்கு ஏத்தறது இர்ரேடியேட் பண்ண (கதிர் பாய்ச்சின) ரத்தமான்னு நர்ஸ்கிட்ட ஒவ்வொரு பை வரும்போதும் கேளுங்க.